பால் சங்கு எடுக்கக் கடற்கரைக்குப் போனது

சங்கரன்கோவிலில் வத்தல் வியாபாரம் பார்க்கிறவனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். என் அக்கா கோமு, "போயிட்டு வாலே" என்றாள், அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியும் அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன் என்று ஊர் அல்லாடிக்கொண்டிருக்கிற காலத்தில், சென்ற வருஷம் மாசிக் கடைசியில், கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் பக்கத்துக்காரர்கள் சங்கு, சோழி என்று அவ்வப்போது கடற்கரைக்குக் கிளம்புவது எனக்குத் தெரியும். அவர்களாவது என்னைப் போல் லோல்படாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு கொண்டுவருவது தாய்மாமன் பொறுப்பு. மூக்கு வைத்த சின்ன வெள்ளிச் சங்கைத் தட்டானிடம் சொல்லிச் செய்வோம். அக்காவின் முதல் பிள்ளைக்கு நான்தான் செய்து கொடுத்தேன். மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டது. அடுத்த பிள்ளைக்கும் அதே சங்குதான். அதே காய்ச்சலில் அது நாற்பது நாள்கூட இருக்கவில்லை. மூன்றாவதாக உண்டாகி எட்டு மாதம் ஆனபோது, கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பினவள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "வெள்ளி வேண்டாம். கடையில வாங்குன எதுவும் வேண்டாம். கடல்லருந்து நிசச் சங்கு ஒண்ணு, நீயே குனிஞ்சு உன் கையால எடுத்துட்டு வா. இந்தப் பிள்ளையாவது நெலைக்கட்டும்."

காய்ச்சலுக்கும் சங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை. அத்தான் வேறு, "நீ போகாட்டி அவ ராத்திரி தூங்க மாட்டா மாப்ளே" என்று சொல்லிவிட்டார். தூங்காதவள் அவள், அலைகிறவன் நான்.

காலை ஐந்தரைக்குத் திருநெல்வேலி பஸ். பெட்ரோல் கிடைக்காத நாளில் வண்டியைக் கரிவாயுவில் ஓட்ட மாட்டிய கரி அடுப்பை அந்த முதலாளி இன்னும் கழற்றவில்லை. ஒரு பையன் பின்னால் நின்று அடுப்பு விசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றினான், வண்டி இருமியது, நாங்களும் இருமினோம். முப்பத்தைந்து மைல், ஒரு ரூபாய் இரண்டு அணா. இடையில் இரண்டு முறை எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளினதற்காவது காலணா குறைப்பான் என்று பார்த்தால், கண்டக்டர் என் பைக்கு லக்கேஜ் கேட்டான். வெள்ளை வேட்டியோடு ஏறியவன் கரிக்கடைக்காரனாக இறங்கினேன்.

ஜங்ஷனிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், மூன்றாம் வகுப்பு பதினான்கு அணா. மணியாச்சியில் மெட்ராஸ் வண்டிக்காக நிறுத்தினார்கள், நிறுத்தினார்கள், நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். வெயில் தாழத்தான் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சத்திரத்தில் படுக்கை இலவசம், கொசுவும் இலவசம். சைவச் சாப்பாட்டுக்கு மட்டும் முக்கால் மைல் நடக்க வேண்டும். நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மறுநாள் விடிந்ததும் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். தெற்கே ஏழு மைலில் ஒரு மீனவர் ஊர், போக வர மூன்று ரூபாய் என்றார் வண்டிக்காரர். இரண்டேகாலுக்குப் பேசினேன். பாதி வழியில் மணலில் சக்கரம் இறங்கியதும், "அண்ணாச்சி, கொஞ்சம் எறங்கி நடங்க, குதிரை பாவம்" என்றார். அந்த மணலில் இரண்டு மைல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். குதிரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் போவீர்கள்.

கடலை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறை, திருச்செந்தூரில், தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆண்டிற்கு நாலு மழை பார்க்கிற கரிசல் ஊர்க்காரனுக்கு அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் கிடப்பதைக் கண்டால் பின்னால் நகரத்தான் தோன்றும். அலை எட்டாத தூரத்திலேயே குனிந்துகொண்டு காலையெல்லாம் தேடினேன். சோழி கிடைத்தது, உடைந்த சிப்பி கிடைத்தது, எவனோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடைத்தது. முழுச் சங்கு ஒன்றுகூட இல்லை. பிறகு கரைவலை இழுத்தார்கள். மீனைக் கூடையில் அள்ளிவிட்டுப் பாசியையும் குப்பையையும் ஓரமாக உதறினார்கள். அந்தக் குப்பையில்தான் கிடந்தது: பாசி படிந்து, பழுப்புத் தோல் போர்த்தி, என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய, லட்சணமான சங்கு. பிள்ளை வாய்க்கென்றே செய்த அளவு. குனிந்தேன், என் கையால் எடுத்தேன், வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன். அக்கா சொன்னது சொன்னபடி ஆயிற்று. கரிப் புகையும் மணல் நடையும் அந்த நிமிஷம் மறந்தே போயின.

பத்தடி நடந்திருப்பேன். மடியில் என்னவோ நகர்ந்தது. ஈரமாக, மெதுவாக, வயிற்றை ஒட்டி. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் வலை இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டியை உதறினேன். சங்கு மணலில் விழுந்தது. அதன் வாயிலிருந்து கறுப்புச் சதை ஒன்று எட்டிப் பார்த்து, மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது.

எங்கள் ஊரில் பூஜை அறையில் சங்கு இருக்கிறது, காளை மாட்டு நெற்றியில் சங்கு இருக்கிறது, பெரிய காரியத்துக்கு ஊதச் சங்கு இருக்கிறது. அதற்குள் ஒரு பிராணி குடியிருந்தது என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! அது ஏதோ கல் மாதிரி கடலடியில் விளைகிறது என்றுதான் இந்த முப்பது வயது வரை நான் நினைத்திருந்தேன். கரையில் காத்திருந்த வண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புழு செத்தாத்தான் சங்கு அண்ணாச்சி. மண்ணுல பொதைச்சு வச்சா அழுகிப் போயிரும், நாத்தம் கொடலைப் புடுங்கும். பெறவு கழுவி எடுத்துக்கிடலாம்."

முட்டைகூடத் தொடாத வீட்டில், அழுகவிட்டு, கழுவி, அதில் பிள்ளைக்குப் பாலா என்று நான் சங்கைத் திரும்பக் கையில் எடுத்துக் குமட்டிக்கொண்டு நிற்கையில், காக்கி அரைக்கால் சட்டையும் குடையுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். சங்குக்குச் சர்க்கார் போட்டிருக்கிற காவல்காரராம்.

"என்னவே அது கையில?"

"சின்னச் சங்கு, பிள்ளைக்கு."

"சங்கு சர்க்கார் சொத்து. கீழ வையும்."

"குப்பையில கெடந்தது அண்ணாச்சி! கடலா ஒதுக்குனது!"

"ஒதுக்குனாலும் சர்க்கார் சங்கு, செத்தாலும் சர்க்கார் சங்கு. மட்டி எடும், சோழி எடும், ஒருத்தரும் கேக்க மாட்டாக. சங்கும் முத்துச் சிப்பியும் தொடப்படாது."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. என் சங்கை அதற்குள் விட்டார். அது ஓரத்தைத் தொடாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. "பாத்தீரா? ஓட்டையில நொழைஞ்சா குஞ்சு. திருப்பிக் கடலுக்கு. நொழையாட்டி ஆபீஸுக்கு."

"அப்ப எனக்கு?"

"உமக்கு ஒண்ணுமில்ல."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. பெரிய சங்கு சர்க்கார் ஆபீசில் விலைக்குக் கிடைக்குமாம். அதில் பால் ஊற்றினால் பிள்ளை குடிக்காது, குளிக்கும்! அதுவும் அக்கா விலைக்கு வாங்கக் கூடாது என்கிறாள். பிள்ளை வாய்க்கு ஆகிற சங்கை எடுக்கக் கூடாது, எடுக்கக்கூடிய சங்கு பிள்ளை வாய்க்கு ஆகாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் இது? கத்தினேன். பிறகு கெஞ்சினேன். அக்காவைப் பற்றி, போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி எல்லாம் சொன்னேன். நடுக் கடற்கரையில் முன்பின் தெரியாதவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு முழுதும் கேட்டார். "பாவந்தான்" என்றார். "ஆனா இது இன்னும் முட்டை போடல வே. இந்தச் சைசுலயே அள்ளிக்கிட்டுப் போனா பெறவு கடல்ல என்ன இருக்கும்? எம் மச்சினனுக்கே குடுக்கல. எறியாதீரும், ஓடு ஒடைஞ்சிரும். நீரே எறங்கி, அலைக்கு அங்கிட்டு கொண்டு வையும்."

"நானா? கடல்லயா?"

"எடுத்தது நீரு தான?"

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அலை முழங்காலை வாரியது. இரண்டாவது அலையில் அரைப்படி உப்புத் தண்ணீர் குடித்தேன். இடுப்பளவுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், காவல்காரர் வலைக்காரர்களோடு அடுத்த சண்டைக்குப் போய்விட்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. மடியில் செருகிக்கொண்டு கரையேறியிருந்தால் கேட்க நாதியில்லை. நிஜமாகவே மடி வரை கை போயிற்று. அப்போது அது தண்ணீருக்குள் மூடியைத் திறந்து, மெதுவாக வெளியே வந்து, என் விரலைப் பற்றிக்கொண்டது. அதைக் கொண்டுபோய்ப் புதைத்து அழுகவிட்டு, அதை வைத்து அக்கா பிள்ளையை நிலைக்கவைப்பதா? சீ என்று ஆகிவிட்டது. குனிந்து மணலில் வைத்தேன். புண்ணியம் செய்கிற நினைப்பெல்லாம் இல்லை. சட்டத்தின் மேலும், அக்கா மேலும், என் மேலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தேன்.

திரும்பின வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதே மணல், அதே மணியாச்சி, அதே கரிப் புகை. ஈர வேட்டி உப்புப் பூத்து உடம்பை அறுத்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மட்டி, சோழி பொறுக்கத் தடை இல்லை, ஆனாலும் எதை எடுத்தாலும் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடியில் கட்டுங்கள். சங்கு வேண்டுமென்றால் விலைக்கு வாங்குங்கள், காவல்காரரிடம் வாய் கொடுக்க வேண்டாம். நான் இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தேன். வண்டிக்காரரிடம் மணலில் நடக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் வாடகை பேசுங்கள். மாற்று வேட்டி இல்லாமல் போகவே போகாதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"உசிரோடயா இருந்துச்சு?" என்றாள்.

"ஆமாக்கா."

"எம்புட்டு இருக்கும்?"

கட்டைவிரலைக் காட்டினேன்.

"திரும்பக் கரைக்கு அடிச்சிராதே?"

"இல்லக்கா. இடுப்பளவுத் தண்ணிக்குப் போய்த்தான் வச்சேன்."

"நீயாலே? கெணத்தை எட்டிப் பாக்கவே நடுங்குவியே!"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டாவது பிள்ளையைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. அத்தான் ஓடிவந்து கையைப் பிடித்தார். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைய நீ தாய்கிட்ட விட்டுட்டு வந்திருக்க. எனக்கு அது போதும். இதுக்குக் கரண்டியிலயே பால் குடுத்துக்கிடலாம்."

பங்குனியில் பெண் பிறந்தாள். கரண்டியில்தான் குடித்தாள், பாதியை என் சட்டையில் துப்பினாள். இதற்கா என்னைக் கடலில் இறக்கினாய் என்று அக்காவிடம் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் பிள்ளை முதல் தடவையாக, யாரும் பிடிக்காமல், வாசல் நடையிலிருந்து வத்தல் மூட்டை வரை நடந்துபோய், நெடி ஏறித் தும்மி, பொத்தென்று உட்கார்ந்து கத்தினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.