ஒரு நாள்கூட லீவு போடாத பவித்ரா

எங்கள் தொழிலில் வகுப்பறை கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, தட்டினால் உடனே திறக்காத கதவுகள், அவ்வளவுதான். நான் சிறப்பாசிரியை. நடக்க முடியாத பிள்ளைகள், பேச வராத பிள்ளைகள், 'பள்ளிக்கு வர இயலாதவர்' என்று தாளில் எழுதப்பட்ட பிள்ளைகள், இவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறவள். குடியிருப்பது திருவண்ணாமலை டவுனில், வேலை கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில்.

அங்கன்வாடியோ, சுகாதாரமோ, கணக்கெடுப்போ, படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிற எந்த வேலையில் நீங்கள் இருந்தாலும் என் கட்சிதான். நாய் துரத்தியிருக்கும். 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பியிருப்பார்கள். அதனால் உங்களிடம் இதைச் சொல்லலாம். பவித்ரா என்கிற பெண் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார நாலு வருஷம் ஆயிற்று. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அந்தத் தாமதத்தில் பெரிய பங்கு என்னுடையது.

யாரும் இல்லாத வீடு

பட்டியலில் 'வயது ஆறு, இரண்டு கால்களும் பிறவியிலேயே வலுவில்லை' என்று இருந்தது. வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அம்மா செல்வி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த வீட்டில் அப்படிப் பிள்ளை யாரும் இல்லை, அட்ரஸ் தப்பு என்றார். எனக்கு முன்னால் வந்த யாரோ, 'இந்த மாதிரிப் புள்ளைங்கள விடுதிக்குக் கொண்டுபோய்டுவாங்க' என்று பயமுறுத்திவிட்டுப் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, தப்பு அட்ரஸ் என்று எழுதிக்கொண்டு கிளம்பியிருப்பேன். வெயில் அப்படி. வண்டியை உதைக்கப் போன நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் தெளிவாக வந்தது: "ஏம்மா பொய் சொல்ற? நான் இங்கதானே இருக்கேன்?"

முழு வருகை

அந்த வருஷமே ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் பேர் சேர்த்தோம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. புத்தகம், சீருடை எல்லாம் அதன்பேரில்தான் வரும். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஒவ்வொரு பருவத்துக்கும் புத்தகத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார்.

பேர் இருந்தால் வருகையும் போட வேண்டுமே? நான் போவது வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை. ஆனால் வீட்டிலேயே படிக்கிற பிள்ளை வீட்டில்தானே இருக்கும், எங்கே போய்விடும்? அதனால் எல்லா நாளும் வருகை என்று முடிவாயிற்று. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பொய் எழுதுகிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, உண்மையிலேயே பெருமையாகச் சொன்னார்: "எங்க ஸ்கூல்லயே ஒரு நாள்கூட லீவு போடாதது உங்க பொண்ணு மட்டும்தான் மேடம்."

பௌர்ணமி

இரண்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை பௌர்ணமியாக வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வண்டியை வெளியே எடுத்தால், கிரிவலக் கூட்டம் கலைகிற வரைக்கும் திரும்ப வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் போகவில்லை. ஒரு வாரம்தானே என்று போன்கூடச் செய்யவில்லை.

அடுத்த புதன் போனேன். பவித்ரா என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் காலையிலேயே தலை பின்னி, சீருடை போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாளாம். கழற்றச் சொன்னால் அழுதாளாம். புதன்கிழமைகளில் அவள் சீருடையில் இருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுத்தமாக இருக்கிறாள் என்று நினைத்ததோடு சரி. செல்வி சொன்னார்: "இன்னிக்கு ஸ்கூல் லீவாம்மா, ஸ்கூல் லீவாம்மானு கேட்டுக்கினே இருந்தா டீச்சர். நான் இன்னானு சொல்றது?"

கவர் பிரிக்காத நாற்காலி

மூன்றாம் வருஷம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம். பவித்ராவின் அப்பா முருகன், மண்டிக்கு மூட்டை ஏற்றிப்போகும் குட்டி வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் லோடை விட்டுவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் சீட்டு, போட்டோ, கையெழுத்து என்று மூன்று கட்டிடம் ஏறி இறங்கி, கடைசியில் அவள் அளவுக்கே ஒரு சக்கர நாற்காலி வாங்கினோம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாற்காலி மூலையில் நிற்கிறது. சீட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு அலைந்து வாங்கினது, இப்படியா போட்டு வைப்பது என்று முருகனிடம் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "வண்டி கீது டீச்சர், நல்ல வண்டிதான். புள்ள எங்க போவணும்னு நீங்களே சொல்லுங்க."

கைத்தட்டல்

நாலாம் வருஷக் கடைசியில் எங்கள் சிறப்பாசிரியர்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு சாதனையைக் காட்டச் சொன்னார்கள். நான் செல்போன் வீடியோவைப் போட்டேன். பவித்ரா 'என் தோழி' என்று தானே எழுதின கட்டுரையை வாசிக்கிறாள். 'என் தோழியின் பெயர் டீச்சர். அவர் புதன்கிழமை வருவார். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். எங்கள் சண்டை ஒரு நாளில் தீர்ந்துவிடும்.' ஒரு எழுத்துப் பிசகவில்லை. அறை முழுக்கக் கைத்தட்டல். பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார் ராஜேஷ், எங்களோடு புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். வயசில் சின்னவர், குத்திக்காட்டத் தெரியாதவர். நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்: "மேடம், பத்து வயசுப் பொண்ணுக்கு நாப்பத்தாறு வயசுலதான் ஃபிரெண்டு கிடைக்குமா?"

சாய்தளம்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். 'வீட்டுவழிக் கல்வி', 'பள்ளிவழிக் கல்வி' என்று இரண்டு கட்டம் இருக்கும், ஒன்றில் டிக் போட வேண்டும். முதல் வருஷம் 'வீட்டுவழி'யில் போட்டது சரிதான். அப்போது அவளால் சாயாமல் பத்து நிமிஷம் உட்கார முடியாது. மூன்றாம் வருஷம் நாற்காலியே வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் அவளைப் பார்த்து எழுதவில்லை, போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதினேன். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாம் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். தெரிந்து என்ன? அவளுக்கு அந்தப் பள்ளியில் இன்னும் மிச்சம் ஐந்தாம் வகுப்பு ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. சான்றிதழைப் பீரோவுக்குள் போட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினேன். நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் இருந்தது, மஞ்சள் பெயின்ட் அடித்து. அதன்மேல் இரண்டு பைக் நிறுத்தியிருந்தார்கள். கேட்டிலிருந்து சாய்தளம்வரை வெறும் மணல், சக்கரம் புதையும். தலைமையாசிரியர் பைக்குகளை உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். மணலுக்கு முருகன் எங்கிருந்தோ உடைந்த கடப்பாக் கல்லெல்லாம் வேனில் போட்டுக் கொண்டுவந்து வரிசையாகப் பதித்தார். பாத்ரூம் விஷயத்தில்தான் எல்லாம் நின்றுவிட்டது. யார் தூக்கி உட்காரவைப்பது? கீழே விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது? செல்வி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்திலேயே காவல் இருக்க முடியுமா? இருக்கிற இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்பை விட்டுவிட்டு வர முடியுமா? ஒவ்வொரு கேள்வியும் நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுவழியே இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னதும், நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

சத்துணவு சமைக்கிற அஞ்சலையம்மா அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நின்றதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தார்: "ஏன் சார், இவ்ளோ பெரிய சோத்துக் குண்டான இறக்குறேன், ஒரு பொம்பளப் புள்ளய என்னால தூக்க முடியாதா?"

விட்டுப்போன பேர்

ஜூனில் பள்ளி திறந்த அன்று நானும் போனேன். முருகன் வேனின் பின்பக்கம் நாற்காலியைக் கயிறு கட்டி ஏற்றிவந்தார். கவரைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று, அவளைவிட அதிகமாகச் சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் இடம். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே போனால் தோழி ஆகிவிடுவேன் என்று பயம்.

வகுப்பு ஆசிரியை பதிவேட்டைப் பிரித்துப் பேர் படித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு 'உள்ளேன் மிஸ்'. பிரகாஷ் உள்ளேன், பிரியா உள்ளேன். அடுத்துப் பவித்ரா. அங்கே வந்ததும் ஆசிரியையின் பேனா தானாக ஒரு டிக் போட்டுவிட்டு, வாய் அடுத்த பேருக்குப் போய்விட்டது. நாலு வருஷப் பழக்கம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பழக்கத்தை உண்டாக்கினதில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஜன்னல் பக்கமிருந்து, அவளுடைய ஆறு வயசில் நான் கேட்ட அதே இழுத்த குரல் வந்தது: "மிஸ், என் பேர விட்டுட்டீங்க. நான் வந்திருக்கேன்."

முதல் லீவு

அழுதேனா என்று கேட்காதீர்கள். வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்குப் புதன்கிழமை காலியாகிவிட்டது. அந்த நாளில் பட்டியலில் இருக்கிற மற்ற 'வீட்டுவழி'ப் பிள்ளைகளை, பழைய தாளைக் கையில் எடுக்காமல் போய்ப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போக முடிகிற இரண்டு பேரை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன். அடுத்த ஜூனில் பவித்ராவுக்கு ஆறாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாசலில் நாலு படி. போய் எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே அஞ்சலையம்மா இல்லை.

போன மாதம் ஊர்ப் பள்ளிப் பக்கம் போனபோது ஜன்னல் பக்கம் இடம் காலியாக இருந்தது. விழுந்துவிட்டாளோ, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று செல்விக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்ல டீச்சர், வீட்டுப்பாடம் எழுதல, வயித்து வலினு படுத்துக்கினா" என்றார். தலைமையாசிரியர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, அந்த வரிசையில் முதல்முறையாக விழுந்திருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். வருத்தமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு சொன்னார்: "உங்க பொண்ணு ரெக்கார்டு போச்சு மேடம்."

லீவு போடுவதற்குக்கூட ஒருத்தி முதலில் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்பது, இத்தனை வருஷம் படிவம் எழுதியும் எனக்குத் தெரியாமல் போயிற்று.