நீலம் தீர்ந்த பென்சில்

என் மேசையில் ஒரு அரைப் பென்சில் கிடக்கிறது. ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமும் எழுதும் பழைய அலுவலகப் பென்சில். நீலப் பக்கம் சீவிச் சீவித் தீர்ந்துவிட்டது; இன்னும் ஒருமுறை சீவினால் வெறும் மரம்தான். சிவப்புப் பக்கம் கடையிலிருந்து வந்த நீளத்தில் அப்படியே இருக்கிறது. நுனி மட்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. என் மனைவி இதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் நான் குப்பைக் கூடைக்குள் கைவிட்டு எடுத்தேன். நகரத்தின் தாகேதாப் பேட்டையிலுள்ள இந்த வீட்டில் நான் சுறுசுறுப்பாகச் செய்த வேலைகள் என்று யாராவது கேட்டால் அந்த இரண்டைத்தான் சொல்ல முடியும்.

பென்சில் சயாமாஜியுடையது. பர்மியில் ஆசிரியையைச் சயாமா என்பார்கள், மதிப்புக்குரிய மூத்தவர் என்றால் சயாமாஜி. இங்கிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஒரு கிராமப்புற டவுன்ஷிப்புக்கு, அதாவது ஒரு தாலுகா அளவுக்கு, அவர் கல்வி அதிகாரி. நான் அவருடைய தலைமை எழுத்தர். ஊர் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் இன்சீன் ரயில் குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழ்ப் பெண். பதிவேட்டில் பர்மியப் பெயர், கொண்டையில் பர்மியப் பூ. எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாததைச் சொல்லவும் என்னைத் திட்டவும் அவர் தமிழை வைத்திருந்தார். அவர் தமிழில் ‘தம்பி’ என்று ஆரம்பித்தால், நான் என்ன தப்புச் செய்தேன் என்று முதலில் யோசித்துக்கொள்வேன்.

கிராமப்புறக் கல்வி அலுவலகம் எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களிடம், எங்கே நடந்தது, மிதந்தது என்பேன். நாற்பத்துச் சொச்சம் பள்ளிகளில் பாதிக்கு மேல் கால்வாய்க் கரையில் இருந்தன. கடல் தண்ணீர் ஏற்றத்தில் சம்பான் படகு போகும், வற்றத்தில் இடுப்பளவு சேறு. சுவரில் பெரியவர்களின் படங்கள் மாறிக்கொண்டிருக்கும். எங்களை உண்மையில் ஆண்டது மேசைக்கு எதிரே ஒட்டியிருந்த ஏற்ற வற்ற அட்டவணைதான். ஜூன் மாதம் பாடப்புத்தகங்கள் லாரியில் வந்து படகுத்துறையில் இறங்கும். சயாமாஜி குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, எந்தக் கட்டு எந்தக் கால்வாய் என்று பிரித்து அனுப்புவார். ஓரிடத்தில் ஒரே ஆசிரியை ஐந்து வகுப்புகளை நடத்துவாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே விடுமுறை. டவுன்ஷிப் முழுவதுக்கும் உருப்படியான நுண்ணோக்கி ஒன்றுதான். ஆய்வாளர் கிழக்கே கிளம்புகிறார் என்றால் அவருக்கு அரைமணி முன்னால் நுண்ணோக்கி கிழக்கே கிளம்பும். மூன்றாவது பள்ளியில் அதன் கழுத்திலிருந்த கீறலைப் பார்த்துவிட்ட ஆய்வாளர், இவருக்கும் இடமாற்றமா என்று கேட்டாராம். சயாமாஜி முகம் மாறாமல், போகச் சொன்னால் முணுமுணுக்காமல் போகிறவர் இங்கே அவர் ஒருவர்தான் என்றாராம்.

ஒவ்வொரு மாதமும் பள்ளிகளிலிருந்து வருகைத் தாள்கள் படகோட்டிகள் கையில் வந்து சேரும். வராத ஆசிரியருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. மூன்று சிவப்புச் சேர்ந்தால் விசாரணை. இது நாடு முழுவதற்கும் பொதுவான விதி. எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் இன்னொரு குறி இருந்தது, நீல வட்டம். படகு வரவில்லை என்று அர்த்தம்; வந்தவராகவே கொள்ளப்படுவார். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்த வட்டத்தைச் சயாமாஜிதான் கொண்டுவந்தார், மேலிடமும் பழகிப்போய் ஏற்றுக்கொண்டிருந்தது. ஏன் என்று ஒருமுறைதான் சொன்னார். அவர் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஆசிரியைக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. ஒரு காற்று நாளில், மூன்றாவதும் விழுந்துவிடும் என்று பயந்து, அளவுக்கு மீறி ஆள் ஏறிய சம்பானில் அவளும் ஏறிவிட்டாள். ஆசிரியைகள் சீருடையாக உடுத்தும் பச்சை லுங்கியை வைத்துத்தான் மூன்றாம் நாள் அடையாளம் கண்டார்களாம்.

“எனக்கு அப்ப ஒரு சிவப்புதான் தம்பி இருந்துச்சு. அதனால நான் ஏறல,” என்றார் சயாமாஜி. பிறகு பர்மிக்கு மாறி, மேலிடத்துக்குப் போகவேண்டிய கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஆண்டு வந்தது. ஜூனில் பள்ளிகளைத் திறக்கச் சொல்லி உத்தரவு. புதியவர்களுக்குக் கீழே வேலை செய்யமாட்டோம் என்று எங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேர் வரவில்லை. திறந்த முதல் வாரத்துக்கு, ஆளுக்கு ஒரு கட்டம் வீதம், வந்தவர் வராதவர் விவரம் உடனே வேண்டும் என்று மேலிடம் கேட்டது. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அம்மாளுக்கும் தெரியும். பெயர் போனால் வேலை போகும், அதற்குப் பின்னால் வேறொன்றும் போகலாம். சயாமாஜி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, வராத அத்தனை பேருக்கும் நீல வட்டம் போட்டார். நடுவில் நான்கு முறை பென்சிலைச் சீவினார். பிறகு தாள்களை என்னிடம் தள்ளி, சுத்தமாகப் படியெடுத்து நாளைக்கு நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். என் படியில் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். பல வருடப் பழக்கம் அது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் நிறையக் கதை படிக்கிறவன். கதையில் பொய் எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து, எழுதியவருக்கு மனத்துக்குள் பாடம் நடத்துகிறவன். மறுநாள் காலை படியெடுத்துக்கொண்டே வந்தேன். பெருஞ்சாலையை ஒட்டிய பள்ளி ஒன்று வந்தது. அங்கே நான்கு பேருக்கு நீல வட்டம். அந்த ஊரில் கால்வாயே கிடையாது. பஸ் பள்ளி வாசலில் நிற்கும். மழை பெய்தால் குழியில் தேங்குகிற தண்ணீரில் வாத்து நீந்தும், அவ்வளவுதான் அங்கே கப்பல் போக்குவரத்து. இந்த நான்கு வட்டங்களை ஒருவன் கவனித்தால் மற்ற அத்தனையும் பொய் என்று வெளிச்சமாகிவிடுமே என்று எனக்கு வியர்த்தது. சயாமாஜி படகுத்துறையில் புத்தகக் கட்டுகளோடு நின்றிருந்தார். அவர் மேசையிலிருந்து இந்தப் பென்சிலை எடுத்து, படித் தாளில் அந்த நான்கு கட்டங்களிலும் வட்டத்துக்குப் பதிலாகச் சிவப்புப் பெருக்கல் போட்டேன். நான்கு பேரை விட்டுக்கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பொய் இப்போது நம்பும்படியாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் சயாமாஜி வந்து, நின்றவாக்கிலேயே கையெழுத்திட்டார். நகரத்து அலுவலகத்தில் தாள்களை வாங்கிய ஆள் ஒன்றையும் படிக்கவில்லை. வேகமாகப் புரட்டிக்கொண்டே போனான். சாலைப் பள்ளித் தாளில் மட்டும் அவன் விரல் நின்றது. நான்கு பெயர்களை வேறொரு காகிதத்தில் எழுதிக்கொண்டான். எந்த ஊரில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது சிவப்பைத் தேடு என்பது மட்டும்தான். அந்த நாற்பத்துச் சொச்சம் தாள்களில் நான் போட்ட நான்கைத் தவிர வேறு சிவப்பு இல்லை.

பத்து நாளில் நான்கு பேருக்கும் வேலைநீக்க உத்தரவு வந்தது. அதற்கு முந்தின காலையே அவர்கள் வீடுகளுக்கு ஆட்கள் போயிருந்தார்கள். மூன்று பேர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். நான்காமவளான கணக்குச் சயாமா போகவில்லை, அவளுடைய தாயார் படுக்கையில் கிடந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சயாமாஜி அலுவலகப் படியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நின்றபடி, தமிழில், மெதுவாகத்தான் பேசினார்.

“இந்தச் சிவப்பு யாரு தம்பி போட்டது?”

“நான்தான் சயாமாஜி. அங்க கால்வாயே இல்லியே. படகு வரலன்னா யாரு நம்புவாங்கன்னு...”

“நம்பறதுக்கா போட்டேன்? அவனுங்க தேடாம இருக்கணும்னு போட்டேன்.” தாளை என் முன்னால் வைத்தார். “அங்க தண்ணி இல்லன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேல எவனுக்குத் தெரியும்?”

நான் அன்றைக்கே நகரத்துக்குப் போய், எழுத்தர் செய்த பிழை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“கிளார்க்கு தப்புன்னு சொன்னா எல்லாத் தாளையும் திரும்பப் பாப்பாங்க. ஆபீசருக்குச் சொந்தப் பகைன்னு சொன்னா அந்த ஒரு தாளோட போயிரும். நீ வாய மூடிக்கிட்டு இரு.”

கீழ்ப்படிவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் கடிதத்தை அவரே கையால் எழுதினார். அந்த நால்வரோடும் தனக்கு நீண்ட நாள் மனத்தாங்கல் என்றும், அவர்கள் வந்திருந்தும் தானே வேண்டுமென்று வராதவர்களாகக் குறித்துவிட்டதாகவும், அதற்குத் தான் ஒருத்தியே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். கடிதம் வேலை செய்தது, பாதி மட்டும். மற்றத் தாள்களை யாரும் தொடவில்லை. நீல வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு, வீட்டை ஒழித்துக்கொண்டு கிளம்ப ஒரு மழைக்காலம் கிடைத்தது. அந்த நால்வருக்கு வேலை திரும்பவில்லை. கணக்குச் சயாமா வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவளுடைய தாயார் போய்விட்டார்.

ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது சயாமாஜியை வேலையிலிருந்து எடுத்தார்கள். கடிதம் எப்படியோ வெளியே கசிந்திருந்தது. சொந்தப் பகைக்காக நான்கு ஆசிரியர்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று டவுன்ஷிப் முழுவதும் பேச்சு. அவர் மேசையைக் காலிசெய்த அன்று, யாருக்காகப் படகுத்துறையில் நனைந்துகொண்டு நின்றாரோ அவர்களில் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. டீக்கார அம்மாள், காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்காமல் மேசையிலேயே வைக்கச் சொன்னாள். அவர் குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் இந்தப் பென்சிலை என் மேசையில் வைத்தார்.

“வெச்சுக்க தம்பி. நீலம் தீர்ந்துபோச்சு.”

திட்டினாரா, தகவல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு இன்சீனில் அவரை மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஒருமுறையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கு நான் ஏராளமான நகைச்சுவைத் துணுக்குகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவரும் சிரித்தார். போன மழையில் அவர் இறந்தபோது சவத்தோடு நடந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். அதில் பச்சை லுங்கி ஒன்றுகூட இல்லை.

கணக்குச் சயாமா இப்போது எங்கள் தாகேதா சந்தையில்தான் உலர்மீன் விற்கிறாள். நல்ல வியாபாரி, எடையைச் சொல்லி முடிப்பதற்குள் விலையைச் சொல்லிவிடுவாள். சென்ற மாதம் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, சயாமாஜி இறந்தது உண்மையா என்று பர்மியில் கேட்டாள். ஆமாம் என்றேன். என்மேல் அவருக்கு என்ன பகை என்று உள்ளே இருந்த நாளெல்லாம் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை, நீங்கள் கூடவே இருந்தவராயிற்றே, உங்களுக்குத் தெரியுமா என்றாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மீனை என் மனைவி குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீல வட்டத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது வேறு வேறு நாடுகளில், வேறு வேறு வேலைகளில். இனி உண்மையைச் சொன்னால் யாருக்கும் ஆபத்தில்லை, என் மானத்தைத் தவிர. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகுதான் தெரிகிறது, இதையும் தமிழில் எழுதியிருக்கிறேன். கணக்குச் சயாமாவுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. சயாமாஜி இந்த மொழிக்குள் மற்றவர்களை ஒளித்துவைத்தார். நான் என்னை ஒளித்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சிவப்பைப் போட்டது யார் என்று பர்மியில் நான்கு வரி எழுதி, சந்தையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரலாம். பேனாவைத் தேடினால் மை இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். பென்சில் இதோ கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. நீலம்தான் தீர்ந்துவிட்டது. சிவப்பு அப்படியே இருக்கிறது, நான்கு குறிக்குத் தேய்ந்தது போக.