பதினோராம் அத்தியாயத்தில் வந்தவன்

கட்டடங்களுக்குக் கம்பி வளைத்துக் கட்டுவது அவர் தொழில். முப்பது வருஷமாக அதே வேலை. இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. வலது கை இரண்டு ஆள் வேலை பார்க்கும். எல்லாரும் கம்பிக்காரர் என்பார்கள். அவரைக் கண்ணால் கண்டிராத ஆயிரம் பேருக்கும் அவரைத் தெரியும். மௌன சபையின் குரு எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றில், பதினோராம் அத்தியாயத்தில், ‘தடியோடு வந்தவன்’ என்று அவர் வருகிறார்.

குரு செத்த மறு வருஷம், ஒரு மத்தியானம் சபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே புத்தக வேலை பார்ப்பவள். கையில் தடித்த நோட்டு. கம்பிக்காரரின் மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“புத்தகத்த மறுபடியும் அச்சடிக்கப் போறோம். எது நடந்தது, எது நடக்கலன்னு சரிபார்க்கிற வேலை எனக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் படித்தாள். “‘மூன்று முறை தடியை ஓங்கினான். மூன்று முறையும் என் பார்வை பட்டுத் தடி விலகியது. பிறகு அவன் அழுதான்.’ இது உண்மைங்களா?”

“ஒரே தடவைதான் ஓங்கினேன். அதுவே சரியா விழுந்துச்சு,” என்றார் கம்பிக்காரர்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி அந்தச் சபையில் போய்ச் சேர்ந்தாள். இருபத்தொரு நாள் உபவாசம் என்று உள்ளறைக்குள் போனவளைப் பத்தொன்பதாம் நாள் பிணமாகத் தூக்கி வந்தார்கள். மௌனத்தின் ஏழாம் படியை எட்டிவிட்டாள் என்றார் குரு. கம்பிக்காரர் கட்டடத்திலிருந்து ஒரு முழக் கம்பியோடு நேரே போனார். குருவின் தோள்பட்டை எலும்பு சுள்ளி மாதிரி முறிந்தது. பதினோரு மாதமாக வாய் திறக்காத குரு, “ஐயோ அம்மா!” என்று கட்டடம் அதிரக் கத்தினார். சீடர்கள் நாலு பேர் கம்பிக்காரரின் இடது கையை நிலைப்படியில் வைத்து, இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

“புத்தகத்துல இருக்கிற மூணு அதுதாம்மா. அழுதேன். கதவுல கை நசுங்கினா யாரும் அழுவாங்க.”

அவள் நோட்டிலிருந்து பழுத்துப்போன ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்தாள். அதே தேதியில் குருவுக்கு மாவுக்கட்டுப் போட்ட சீட்டு. ‘பொய்’ என்று எழுதி, அதன் மேலேயே மறுபடி ஒரு தடவை எழுதினாள். பாவம், பன்னிரண்டு வருஷம் நம்பியவள்.

“இன்னும் ஒரு வரி இருக்கு. ‘அவன் மனைவி எங்களிடம் வந்த அன்று அவள் காது கிழிந்திருந்தது.’ குரு அளந்துவிட்டதுதான் இதுல பாதிக்கு மேல. இதையும் பொய்ன்னு போட்டுடவா?”

“போடுங்க,” என்றாள் மகள். “எங்கப்பா அம்மா மேல கை வச்சதே இல்ல.”

அப்படித்தான் அவர் அவளிடம் சொல்லி வளர்த்திருந்தார். இப்போது சும்மா இருந்தாலே போதும். ஆனால் தோளெல்லாம் ரத்தம் வழிய, துணியைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் மனைவி நின்ற கோலம் கண்ணுக்குள் வந்து நின்றது. யாரும் கத்தாத இடம் தேடித்தான் அவள் போனாள்.

“அது உண்மைம்மா. கம்மலப் பிடிச்சு இழுத்தேன். கையோட வந்துடுச்சு.”

மகள் கையிலிருந்த பித்தளைச் செம்பு பறந்து வந்து அவர் புருவத்தைக் கிழித்தது.

“எத்தன தடவ அடிச்ச?”

“எண்ணல.”

வந்தவள் ‘உண்மை’ என்று எழுதிக்கொண்டு எழுந்தாள்.

அந்த நோட்டைச் சபையில் கிழித்துப் போட்டு அவளையும் வெளியே தள்ளினார்கள். புத்தகம் பழையபடியே அச்சாகி வந்தது. அது வந்த ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் சபை ஆட்கள் நாலு பேர் அவர் வேலை பார்த்த கட்டடத்துக்கு வந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சாரம் இறங்கி ஓடினார்கள்.

“குரு மேல அடி விழலன்னு சொல்லுடா!”

“விழுந்துச்சு.”

வாயில் குத்தினார்கள். மறுபடி கேட்டார்கள். பல் இரண்டோடு சேர்த்து அதே பதிலைத் துப்பினார். வலது தோளும் விலா எலும்பு மூன்றும் முறிகிற வரைக்கும் மிதித்துவிட்டுப் போனார்கள்.

மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு நாள் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கஞ்சியைக் கரண்டியில் எடுத்தவள் கேட்டாள்:

“அடிச்சப்ப வலிச்சுதா?”

“உயிர் போச்சு.”

“அம்மாவுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்?”

அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் வரைக்கும் அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தோள் சேர்ந்தது, பலம் சேரவில்லை. இப்போது அவர் கட்டட வாசலில் வரும் லாரிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறார். மகள் வேலைக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விடுமுறைக்கு வருவாள், சமைத்து வைப்பாள், துணி துவைப்பாள், போய்விடுவாள். அப்பா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அவரும் ஏன் என்று கேட்டதில்லை.