அளந்து பார்க்கப் போன வீடு

வாங்குவதற்கு முன்னால் சர்வே செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கணவர் இன்றுவரை அதை மறக்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னால்கூட, "ஒரு சர்வே பண்ணிப் பாரேன்" என்கிறார்.

அவர் அரசாங்க வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து பதினோரு குவார்ட்டர்ஸ், ஓய்வுக்குப் பிறகு சேலத்தில் இரண்டு வாடகை வீடுகள். பதிமூன்று வீட்டிலும் சுவரில் ஓர் ஆணி அடிக்க யாரிடமாவது அனுமதி கேட்டிருக்கிறேன். அறுபது வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. என் பேரில் ஒரு வீடு வேண்டும். மாளிகை கேட்கவில்லை. யாரும் வந்து காலி செய்யச் சொல்ல முடியாத நாலு சுவர் போதும்.

ஏற்காட்டில் இரண்டு வருடம் அலைந்தோம். ஏரிப் பக்கம் விலை கேட்டால் நெஞ்சை அடைத்தது. புரோக்கர்கள் 'வியூ, வியூ' என்று எங்கெங்கோ கூட்டிப்போனார்கள். ஒரு வீட்டின் வியூவில் பக்கத்து ரிசார்ட்டின் குளியலறை ஜன்னல்தான் தெரிந்தது. கடைசியில் செம்மநத்தம் போகும் ரோட்டில், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் மானத்தை விட்டுப் பின்னால் போயே தீர வேண்டிய ஓர் இடத்தில், ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, சுற்றிக் காப்பிச் செடி. சமையல் மேடைக்கு நேரே ஒரு ஜன்னல். அதன் வழியே ஓர் ஆரஞ்சு மரமும் கொஞ்சம் பனிமூட்டமும் தெரிந்தன. மேடையில் கையை ஊன்றி நின்று பார்த்தேன். உயரம் எனக்கென்றே கட்டியதுபோல் இருந்தது. இனிமேல் வேறு வீடு பார்க்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

விற்பவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பெரியவர் என்றே சொல்கிறேன். மனைவி இறந்து நாலு வருடம். மகள் திருப்பூரில் இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றார். காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு ஓட்டு வீடு. அதில் அவருடைய தம்பி குடும்பம். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம், அதில் ஒரு மிளகுக் கொடி. அந்த மிளகு யாருக்கு என்பதுதான் தகராறு. இருவரும் பறிப்பதில்லை. ஒன்பது வருடமாக அதைப் பறவைகள் தின்று கொழுத்துக்கொண்டிருந்தன.

பட்டா பெரியவர் பேரில் இருந்தது. பத்திரம் சுத்தமாக இருந்தது. வில்லங்கச் சான்றிதழில் ஒரு வில்லங்கமும் இல்லை. இருந்தாலும் நான் கேஸ் சிலிண்டரையே எடை போட்டு வாங்குகிறவள். அளக்க வேண்டும் என்றேன். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, நெலம் இங்கயேதானுங்க இருக்குது. எங்கீங்க ஓடிப் போயிருது, அளந்து பாக்கறதுக்கு?"

"அதானே" என்றார் என் கணவர். அவருக்கு அன்று மத்தியானம் தூங்க வேண்டியிருந்தது.

சர்வேயர் சேலத்திலிருந்து ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். மூன்று கால் வைத்த ஒரு மெஷின் கொண்டுவந்தார். எங்களோடு பேசியதைவிட அதோடுதான் அதிகம் பேசினார். சில்வர் ஓக் நிழலில் அதற்கு சாட்டிலைட் கிடைக்கவில்லை. வெட்ட வெளி தேடி அதைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். உடன் வர வேண்டிய ஆள் வராததால் கோலைப் பிடிக்கும் உத்தியோகம் என் கணவருக்குக் கிடைத்தது. "ஆடாம நில்லுங்க சார்" என்று சர்வேயர் சொன்ன நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு என் கணவரின் வேட்டிக்குள் ஏறியது. முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் நான் சொல்லி அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

புலப்படம் என்ற சர்வே வரைபடத்தின்படி காப்பிச் செடிக்குள் ஓரிடத்தில் எல்லைக் கல் இருக்க வேண்டும். அரைமணி நேரம் தேடினார். இல்லை. பெரியவரைக் கேட்டார்.

"கல்லுங்களா? அது நம்ம துணி தொவைக்கற கல்லுங்க. எங்கப்பா கொண்டாந்து போட்டது. நொம்ப நல்ல கல்லுங்க."

சர்வேயர் அந்தக் கல்லின் மேலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். பிறகு ரோட்டோரம் பிழைத்திருந்த வேறு இரண்டு கற்களிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

மூன்று மணி இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க வாங்கப் போற வீடு இது இல்ல."

"பின்னே எது?"

அவர் கையை நீட்டினார். காப்பிச் செடிகளுக்கு அப்பால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரியவரின் தம்பி, சின்னவர், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அது. பேப்பர்படி பெரியவருக்குச் சொந்தம் அந்த வீடு. இந்த வீடு அவர் தம்பிக்குச் சொந்தம். நடுவுல எட்டடிப் பாதை ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் அதுல காப்பி வச்சிட்டாங்க. அந்த மிளகு மரம் பாதையில நிக்குது. அது கவர்மெண்டோடது."

பத்திரம் முடித்து, பால் காய்ச்சப் பாத்திரத்தோடு நான் போய் நிற்கிறேன், என் வீட்டுக்குள் சின்னவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு காட்சி என் கண் முன்னே ஓடியது. நேராகப் பெரியவரிடம் போனேன்.

"உங்க வீடும் உங்க தம்பி வீடும் பேப்பர்ல மாறியிருக்குதாம்."

"ஆமாங்க" என்றார். "தெரியுமுங்களே."

அப்பா செத்த பிறகு சொத்தைப் பிரித்தார்களாம். எந்த வீடு யாருக்கு என்பதைச் சாமி முன்னால் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பது அவர்கள் வழக்கம், அதுவும் அமாவாசையன்றுதான். பத்திரம் பதியக் கிடைத்த நாளோ அதற்கு ஒரு வாரம் முன்னால். அதற்காகச் சாமியை அவசரப்படுத்த முடியுமா? அண்ணனுக்கு அது, தம்பிக்கு இது என்று ஒரு குத்துமதிப்பில் எழுதிப் பதிந்துவிட்டார்கள். அமாவாசையன்று சீட்டு எடுத்தால், சாமி மாற்றிக் கொடுத்துவிட்டது.

"மறுபடி போய் மாத்தி எழுதியிருக்கலாமே?"

"எதுக்குங்க? சாமியே குடுத்தாச்சு. பேப்பரு என்னங்க பண்ணும்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களே. இங்க எல்லாருக்குந் தெரியுமுங்க. பஸ் கண்டக்டருக்கே தெரியும்."

என் கணவர் கோலைப் பிடித்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

சர்வேயர் வழி சொன்னார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி, பேப்பரில் வீடுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நான் வாங்கலாம். ஆக என் வீடு இப்போது சின்னவரின் ஒரு கையெழுத்தில் தொங்கியது. அப்போதே செடிகளைத் தாண்டி நடந்தேன்.

சின்னவர் மரியாதையாக எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டார்.

"போடறனுங்க. எனக்கென்னுங்க. ஆனா வேணுங்கறவரு வந்து கேக்கோணுமில்லீங்க?"

பெரியவரிடம் திரும்பி வந்தேன்.

"நான் போய்க் கேக்க மாட்டனுங்க. மூத்தவன் நானு."

அடுத்த மூன்று வாரம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேலத்திலிருந்து மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பட்டுச் சேலையில் ஒரு தபால்காரி. பெரியவரிடம் கெஞ்சினேன், சின்னவரிடம் கோபப்பட்டேன், அப்புறம் ஆளை மாற்றிச் செய்தேன். இருவரும் டீ கொடுத்தார்கள். இரண்டு டீயிலும் ஒரே அளவு சர்க்கரை.

இரண்டாவது சனிக்கிழமை சின்னவர் ஒன்று சொன்னார். பேப்பரைக் காட்டி அண்ணனை மிரட்டியாவது மிளகை வாங்கியிருக்கலாமே என்று நான் விளையாட்டாகக் கேட்டிருந்தேன். அவருக்குச் சுருக்கென்றுவிட்டது.

"அதெப்பிடீங்க? பேப்பரக் காட்டி ஊட்ட விட்டு வெளிய போன்னு சொல்ல முடியுமுங்களா? அண்ணனுங்க அவரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மிளகுக் கொடிக்காக ஒன்பது வருடம் முகம் பார்க்காதவர்கள். ஆளுக்கொரு பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெருவில் நிறுத்த அது போதும். ஒரு சண்டையிலும் யாரும் அதை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சேலத்துக் குடும்பங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு வீடு தேறவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை பெரியவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். திருப்பூரில் மகளுக்கு ஒரு ரூம்தான், வாசலில் படுத்துக்கொள்ளலாம் என்றார். காலை நீட்டி உட்கார இடமிருக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அவர் யோசிப்பார், யோசித்தால் எனக்கு வீடு போய்விடும். நல்லவளாக இருக்க வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், பெரியவர்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு வார்த்தைங்க" என்றேன். "ஒரே ஒரு வார்த்தை. உங்க வாயில முத்தா உதிர்ந்துடும்? நான் அறுபது வயசுல மலை ஏறி மலை ஏறி இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இன்னைக்கு நீங்க போய்க் கேக்கலைன்னா நான் வேற வீடு பாத்துக்கறேன்."

பொய். வேறு வீடு பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் பின்னாலேயே போனேன். சில்வர் ஓக் மரம்வரை போய் நின்றார். அந்தப் பக்கம் சின்னவர் காப்பிச் செடி கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் பெரியவர்.

சின்னவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு கையெழுத்து வேணும். ஊட்ட இந்தம்மாவுக்கு விக்கறேன்."

"போடறனுங்கண்ணா. நாளைக்கே வாரன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எதுக்குங்க போறீங்க?"

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பதில் என்னிடம் இருப்பதுபோல. நான் ஆரஞ்சு மரத்தைப் பார்த்தேன்.

"இங்க இருந்து என்னடா பண்றது? பேச ஒரு ஆளில்ல."

"நான் இருக்கறனுங்களே."

"ஒம்பது வருசமா எங்கடா இருந்த?"

"இங்கதானுங்க இருந்தேன். நீங்கதான் மொளகப் பறிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"நான் எப்படா சொன்னேன்? உம் பொண்டாட்டிதான் சொன்னா."

ஆரம்பித்துவிட்டார்கள். அரைமணி நேரம் ஓயவில்லை. மிளகு, கொடி நட்டது யார், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் சோறு கொண்டுபோனது, யார் கல்யாணத்தில் யாருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்று ஒன்பது வருடச் சண்டையையும் வட்டியோடு போட்டுத் தீர்த்தார்கள். நடுவே நான், மரம் கவர்மெண்டுடையது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"கவர்மெண்டா நட்டுச்சு?" என்று கேட்டார்கள், ஒரே குரலில்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இவ்வளவு ருசித்துச் சண்டை போட ஆள் கிடைத்த மனிதர் எதற்குத் திருப்பூர் வாசலில் போய்ப் படுக்கப் போகிறார்? சமையலறைக்குள் போய் அந்த மேடையில் ஒரு தடவை கையை ஊன்றி நின்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. கீழே இறங்கும் பஸ்ஸிலும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். அதற்காக அவருடைய பழைய சிரிப்பில் பாதியைத் தள்ளுபடி செய்தேன்.

அடுத்த வாரம் பெரியவரும் சின்னவரும் ஒரே பஸ்ஸில் சேலத்துக்கு வந்து, எங்கள் வாடகை வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். வீட்டை விற்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு படி மிளகு கொடுத்தார்கள். அப்புறம், பேப்பரை மட்டும் சாமி கொடுத்தபடி மாற்றி எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருப்பதாகவும், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"இத்தன வெவரமும் தெரிஞ்சவங்க நீங்கதானுங்களே" என்றார் பெரியவர்.

போய்த் தொலைந்தோம். பதிவு ஆபீஸில் கூட்டம். அண்ணன் கைநாட்டு வைத்தார், தம்பி கையெழுத்துப் போட்டார், என் கணவர் முதல் சாட்சி. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். நான் வாங்க ஆசைப்பட்ட வீட்டின் நான்கு எல்லையும் அதில் ஓர் அடி பிசகாமல், என் சர்வேயர் அளந்தபடியே எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் சாட்சியின் முகவரி என்று ஒரு கட்டம். வாடகை வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.