புத்தரிசி மேல் போட்ட பழி

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைக்கோலைப் படப்பாக அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர் கால் வழுக்கி விழுந்தார். பின்தலை கல்லில் மோதியது. இரத்தமில்லை, சின்ன வீக்கம்தான். எழுந்து வந்து சாப்பிடவும் உட்கார்ந்தார்.

“ஏட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?”

“காட்டியாச்சு.”

இரண்டு வாய் உண்டபின் அதையே கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தனை தடவைதான் சொல்லணும் உங்களுக்கு?” என்று கத்தினேன்.

சற்று நேரத்தில் வாந்தி எடுத்தார். புத்தரிசிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி, சுக்குக் கஷாயம் வைத்தேன். அதற்குள் அவர் படுத்துத் தூங்கிவிட்டார். கொண்டுபோய் எழுப்பினால், எழுப்ப எழுப்பக் கண் சொருகியது. அப்போதுதான் பயந்துபோய் வண்டி பூட்டி வடசேரி டாக்டரிடம் கொண்டுசென்றோம்.

“தலையில அடிபட்ட ஆளுக்கு வாந்தி வந்தா வயித்தையா பாப்பிய? மூளை குலுங்கியிருக்கு. கேட்டதையே கேட்டாருல்லா, அப்பமே வந்திருக்கணும்” என்றார் டாக்டர்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் பெரியவரோ பிள்ளையோ தலையில் அடிபட்டால் நான் இரத்தத்தைத் தேடுவதில்லை, பேச்சைக் கவனிக்கிறேன். கேட்டதையே கேட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, அடுப்புப் பக்கமே போகமாட்டேன். வண்டியைப் பூட்டச் சொல்லிவிடுவேன்.