இரண்டாக வெட்டிய சுருட்டு

என் சித்தப்பா துறைமுகச் சாலையில் சலூன் நடத்துகிறார். மூன்று நாற்காலிகள், மூன்று கண்ணாடிகள், வாசலில் ஒரு நீண்ட பெஞ்சு. தன் கத்திக்குக் கீழே வந்த எந்தக் கன்னமும் கீறுபட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், கேட்பவர்கள் மறுத்ததில்லை. புகைப் பழக்கம் அறவே கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் சுருட்டுப் பிடிப்பவர்கள் பலரும் தங்கள் சுருட்டுகளை அவரிடம்தான் கொடுத்து வைக்கிறார்கள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, ஒரு மழைக்காலத்தில் எப்படிக் கைநழுவப் பார்த்தது என்பதைப் பதிவு செய்து வைப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

தொடங்கிவைத்தவர் பல் டாக்டர். சலூனுக்கு எதிரே அவருடைய கிளினிக். புகையை விடுங்கள் என்று பகல் முழுவதும் பிறருக்கு அறிவுரை சொல்லிவிட்டு, மாலையில் தனக்கொரு சுருட்டைத் தேடுபவர். வீட்டில் வைத்துக்கொள்ள அவர் மனைவி சம்மதிக்கவில்லை. மூடப்பட்ட உணவகம் ஒன்றிலிருந்து சித்தப்பா வாங்கிப் போட்டிருந்த ஒயின் குளிர்பெட்டி அப்போது காலியாக இருந்தது. சுருட்டு காய்ந்தால் மேலிலை வெடிக்கும். ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், நெருப்பும் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். சித்தப்பா பெட்டிக்குள் தேவதாரு மரத் தட்டுகளைப் பொருத்தி, ஈரப்பதத்துக்காக நனைந்த ஸ்பாஞ்சுக் கிண்ணம் ஒன்றை வைத்து, கதவருகே ஈரப்பதமானியையும் மாட்டினார். உள்ளே நீல விளக்கு எரிந்தது. சவரம் முடிந்ததும் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதும், பிறகு பெட்டியைத் திறந்து தம் சுருட்டை முகர்ந்து பார்ப்பதும் வாடிக்கையாளர்களின் வழக்கமாகிவிட்டன.

அவர்களில் மூத்தவர் கேப்டன். வந்து சேரும் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திக் கட்ட வைப்பது அவர் வேலை. மூடிப்போன ஓர் ஆலையில் சுற்றப்பட்ட சுருட்டுகள் அவரிடம் ஒரு பெட்டி இருந்தன. கடைசிக் கப்பலைக் கட்டி முடித்து ஓய்வுபெறும் நாளில், இழுவைப் படகுக்காரர்களோடு சேர்ந்து அவற்றைப் பற்றவைப்பது என்று முடிவு செய்திருந்தார். பெட்டியை ஒப்படைத்தபோது அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

“இது உனக்கு. நல்ல நாள் ஒன்னு வரும், அன்னைக்குப் பத்த வை.”

“எனக்குப் பழக்கமே இல்லையே, கேப்டன்.”

“நல்ல நாளுக்கு என்ன பழக்கம் வேண்டியிருக்கு?”

சித்தப்பா அதைக் கேப்டனின் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்து, அந்தப் பெட்டியைக் குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டித் தள்ளினார். அங்கேதான் குளிர் அதிகம். குளிர் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில்தான் பிழை இருந்தது.

கேப்டன் ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்தன. மழை பிடித்துக்கொண்டது. விடுமுறைக்குப் போயிருந்த நான் சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, குளிர்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தி சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்க. உங்க பெட்டி அழுதுட்டு இருக்கு.”

“மழைக்குக் கொஞ்சம் ஈரம் கோத்திருக்கும். துடைச்சு விடு.”

“துடைச்சுட்டுத்தான் சொல்றேன். இது காலையில துடைச்ச இடம்.”

பின்சுவரில் முத்து முத்தாக நீர் படிந்திருந்தது. சில துளிகள் வழிந்து கேப்டனின் பெட்டியின் மூலையைக் கறுப்பாக்கியிருந்தன. சித்தப்பா மூடியைத் திறந்தார். பூசணம் இல்லை. ஆனால் பின்வரிசைச் சுருட்டுகள், வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்களைப் போல உப்பியிருந்தன. கேப்டன் அவருக்குக் கொடுத்த சுருட்டும் அதே வரிசையில் அதே கதியில் கிடந்தது.

மானி மட்டும் எல்லாம் சரி என்றது. அதை உப்புச் சோதனைக்கு உட்படுத்தினேன்: நனைந்த உப்போடு மூடிய ஜாடிக்குள் வைத்தால் எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும், காட்டியது. கருவி பொய் சொல்லவில்லை, நின்ற இடத்தின் செய்தியை மட்டும் சொல்லியிருக்கிறது. சித்தப்பா பெட்டியைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த முகக் கண்ணாடியைப் பார்த்தார். துவாலைகளை ஆவியில் சூடாக்கும் பாத்திரம் அதன் கீழே கொதித்துக்கொண்டிருந்தது, கண்ணாடி மங்கியிருந்தது.

“நாள் முழுக்க இதைத் துடைக்கிறேன்,” என்றார். “குளிர்ந்த இடத்தைத் தேடித்தான் ஆவி போய் ஒட்டும். நானே பெட்டிக்குள்ள குளிர்ந்த சுவரை வச்சுட்டு, வெளிய ஆவியும் வச்சிருக்கேன். போதாததுக்கு எல்லாரும் கதவைத் திறந்து திறந்து அதை உள்ள அனுப்புறாங்க.”

ஸ்பாஞ்சின் பங்கும் அப்போது புரிந்தது. குளிர்ச்சுவர் காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துத் துளியாக்கிவிட, முன்பக்கம் காய்ந்து மானி இறங்கும். சித்தப்பா கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவார். அந்தத் தண்ணீரும் பின்சுவருக்கே போய்ச் சேரும்.

அன்றே பெட்டியின் மின்இணைப்பைப் பிடுங்கினார். வெயிலே படாத உள்ளறைக்கு அதை நகர்த்தினார். அடியிலிருந்த வடிகால் துளையைத் தக்கையால் அடைத்தார். ஸ்பாஞ்சு போய், ஈரத்தைத் தேவைக்கேற்ப விட்டும் வாங்கியும் கொள்ளும் சிறு பைகள் வந்தன. காற்று தேங்காமலிருக்கப் பேட்டரி விசிறி ஒன்று. பின்சுவருக்கும் தட்டுகளுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. இனிக் கதவைத் தான் மட்டுமே திறப்பதாக அறிவிப்பும் வெளியானது.

“என்னப்பா, ஃபிரிட்ஜுக்கு லீவு விட்டாச்சா?” என்றார் பல் டாக்டர்.

“லீவு இல்ல, டாக்டர். வேலையை மாத்தியிருக்கேன். இனி அது அலமாரி.”

“குளிர் இல்லாம என் சுருட்டு கெட்டுப்போகாதா?”

“சுருட்டு என்ன மீனா?”

கேப்டனின் பெட்டிதான் மிச்சம். அவசரமாகக் காயவைத்தால் மேலிலை வெடித்துவிடும் என்பதால், மூடியைச் சற்றே திறந்து மேல்தட்டில் வைத்து, சுருட்டுகளைத் தினமும் புரட்டிவிட்டார். கேப்டனிடம் உடனே சொல்லிவிடச் சொன்னார் சித்தி.

“இப்போ சொன்னா நனைஞ்ச கதையை மட்டும்தான் சொல்ல முடியும். தேறுமா தேறாதான்னு அவர் கேட்பார். அதைத் தெரிஞ்சுட்டே சொல்றேன்.”

“எப்படித் தெரியும்? பத்த வச்சாத்தானே தெரியும். அவருதைத் தொட முடியாதே.”

“என்னோடது ஒன்னு இருக்கே.”

ஒன்றுதான் இருந்தது, ஒருமுறை தோற்றால் மறுமுறைக்கு வழியில்லை. சித்தப்பா புதிய பிளேடைப் பொருத்தி, அந்தச் சுருட்டை நடுவில் ஒரே இழுப்பில் வெட்டினார். ஓர் இலைகூடப் பிரியவில்லை. ஒரு பாதியைக் கேப்டனின் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, மறுபாதியைப் பின்வாசலில் பல் டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் பற்றவைத்தார். ஒரு பக்கம் மட்டும் கருகியது. இழுத்து இழுத்து அவர் கன்னங்கள் குழிந்தன. மூன்றாவது முறை அணைந்ததும் கீழே வைத்தார்.

“இது சுருட்டு இல்லப்பா, ஈர விறகு.”

“பொறுங்க. இன்னும் பாதி இருக்கு,” என்றார் சித்தப்பா, கொஞ்சமும் அசராமல்.

கேப்டனின் கடைசிக் கப்பலுக்கு முந்தின நாள் மாலை, இரண்டாவது பாதி பற்றவைக்கப்பட்டது. நெருப்பு வட்டமாக ஏறியது. சாம்பல் வெளுத்து, உதிராமல் நீண்டது. டாக்டர் வாயைத் திறக்கவேயில்லை.

“என்ன டாக்டர், ஒன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க?” என்றார் சித்தி.

டாக்டர் உதடு அசையாமல் முனகினார். “பேசினா சாம்பல் விழுந்துடும்.”

மறுநாள் காலை கேப்டன் சவரத்துக்கு வந்தார். “கத்தி கழுத்துல இருக்கும்போதே சொல்லிடுங்க, கோபப்பட மாட்டார்,” என்று சித்தி காதைக் கடித்திருந்தார். சித்தப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நனைந்ததையும் உலர்த்தியதையும் ஒன்று விடாமல் சொன்னார். முகம் முழுக்க நுரையோடு கேப்டன் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ உன் சுருட்டு?”

“வெட்டி, பாதி பாதியா டாக்டருக்குக் குடுத்தாச்சு.”

“நல்ல நாளுக்குன்னு குடுத்தேனே.”

“உங்க பெட்டியை இன்னைக்குத் தைரியமா உங்க கையில குடுக்கணும்னு இருந்துச்சு. அதுக்குச் செலவாச்சு, கேப்டன்.”

கேப்டன் தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார். சவரம் முடிந்தது. உள்ளறையிலிருந்து சித்தப்பா எடுத்துவந்த பெட்டியைத் திறந்து, பின்வரிசையில் ஒன்றை விரலால் அழுத்தினார், காதருகே உருட்டினார், முகர்ந்தார். படகுக்காரர்களுக்கும் தனக்குமாக எண்ணி எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு மூடியைச் சாத்தி, தானே உள்ளறைக்குள் போய்ப் பெட்டியை மேல்தட்டில் வைத்தார்.

“மீதி இங்கயே இருக்கட்டும். இனிமே சவரத்துக்கு வர நிறைய நேரம் இருக்கும்.”

நீல விளக்கு எரியாத அந்த அலமாரியின் முன் நின்று, தேவதாரு வாசனையை அவர் நிதானமாக முகர்ந்துகொண்டிருந்தார். சித்தப்பா கத்தியைத் துடைத்தபடியே குரல் கொடுத்தார்.

“கேப்டன், முதல்ல கதவை மூடுங்க.”