வலம் வந்த எண்ணூறு மீட்டர்

செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு உலக நாடுகள் இரண்டே வகை: எண்ணூறு மீட்டர் ஓடத் தெரிந்தவை, தெரியாதவை. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் யாராவது சைக்கிள் கேட்டால் முதலில் எந்த நாடு என்பார். இங்கிலாந்து என்றால், ஒரு காலத்தில் நன்றாக ஓடினீர்கள், இப்போது கம்மி என்று துக்கம் விசாரிப்பார். கென்யா முதலிடம், மொராக்கோ இரண்டு, அல்ஜீரியா மூன்று. பேப்பரில் வராத எதையும் சொல்லமாட்டார். இந்தியா எங்கே என்றால் உதட்டைப் பிதுக்குவார்.

கென்யாக்காரன் மலையில் ஓடுகிறான், அதனால்தான் அந்த மூச்சு என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. நம்மிடம் இல்லாத மலையா? ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான், இந்தியாவை நானே தூக்கி நிறுத்துவதென்று முடிவுசெய்தேன். தினமும் விடிந்ததும் பள்ளி மைதானத்தைச் சுற்றினேன். வலமாகத்தான். மலையாகட்டும் நவக்கிரகமாகட்டும், எங்கள் ஊரில் வேறு எப்படிச் சுற்றுவது? ஓட்டப்பந்தயத்தைப் பேப்பரில் மட்டுமே பார்த்திருந்த சித்தப்பாவும் சைக்கிளில் கூடவே வலம் வந்தார்.

மாவட்டப் போட்டியன்று கோட்டில் நின்றபோது மற்ற பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்திருக்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றேன். மைதானமே சிரித்தது. பந்தயம் என்றால் இடமாகத்தான் சுற்றவேண்டும் என்று பி.டி. மாஸ்டர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். இடப்பக்கம் வளையும் இடத்திலெல்லாம் கால் பின்னிக்கொண்டது. கடைசியாக வந்தேன்.

அழவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. நேராக மாஸ்டரிடம் போனேன்.

"நம்ம ஊர்ல சாமியக்கூட இப்டி சுத்தமாட்டோம் சார். வலமா ஓடறேன், பாத்துட்டுப் போங்க."

அவர் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனால் போகட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று தன்னந்தனியாக, வலமாக, முழு எண்ணூறையும் ஓடினேன். சித்தப்பா மட்டும் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பக்கத்து டீக்கடைக்காரர், "இன்னாபா, இந்தியா திரும்பி நின்னுச்சாமே?" என்று வம்புக்கு இழுத்தார்.

சித்தப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"கென்யா, மொராக்கோ. மூணாவது நாமதான். பேப்பர்லயே போட்டிருக்கான்."

அவர் பேப்பரைப் பொய்சாட்சிக்கு இழுத்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அவ்வளவு ஓடியும் வெறும் மூணாவதுதானா என்று ரெண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.